பத்து நிமிடம் பொறுக்கும் கணினிகள்

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் கைப்பேசிச் செயலிகளும் ஏடிஎம் இயந்திரங்களும் பல மணி நேரம் முடங்கின. இரண்டு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு மையத்தில் குளிரூட்டும் முறையை மேம்படுத்தும் வேலை நடந்தபோது வெப்பநிலை எல்லை மீறியதே தொடக்கம். 25 லட்சம் வரையிலான பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வங்கிகளிடம் மாற்று மையம் இல்லாமல் இல்லை. பிறகு ஏன் இந்த முடக்கம்?

இதைப் புரிந்துகொள்ள, ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதிலுள்ள தரவு என்ன ஆகிறது என்று முதலில் பார்ப்போம்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் தரவை ஒரே கணினியில் வைப்பதில்லை. பல சர்வர்களை ஒன்றாகக் கோர்த்து, ஒரே சேமிப்பகம் போல நடத்துகின்றன. செஃப், ஹடூப் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. ஒவ்வொரு கோப்பும் துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் பொதுவாக மூன்று படிகள் வெவ்வேறு சர்வர்களில் வைக்கப்படும்.

சர்வர்கள் சில விநாடிகளுக்கு ஒரு முறை 'இருக்கிறாயா?' என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒன்றிடமிருந்து பதில் வராவிட்டால், மீதமுள்ள இரண்டு படிகளைக் கொண்டு வேலை தொடரும். பயனருக்கு எதுவும் தெரியாது. ஆனால், இழந்த மூன்றாவது படியை உடனே வேறிடத்தில் உருவாக்கத் தொடங்குவதில்லை. நாம் மாற்றியமைக்காத வரை செஃப் 10 நிமிடம் காத்திருக்கும். ஹடூப் பத்தரை நிமிடம்.

ஏன் இந்தப் பொறுமை? படுத்த சர்வர் பெரும்பாலும் எழுந்துவிடும் என்பதால்தான். மென்பொருள் புதுப்பிப்பு, மறுதொடக்கம், கழன்ற கம்பி ஆகியவையே வழக்கமான காரணங்கள். கூகல் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தடங்கல்களில் 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவசரப்பட்டால் செலவு அதிகம். 100 டெராபைட் தரவை நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஒரே இணைப்பில் நகலெடுக்க 22 மணி நேரம் ஆகும். பல சர்வர்கள் பங்கிட்டுச் செய்தால் நேரம் குறையும். ஆனால் அந்தச் சுமையால் பயனர்களின் வேலை மெதுவாகும்.

எங்கள் பாலிக் புலாவுக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து மலையேறி வரலாம். தெலுக் பகாங் வழியாகவும் தெலுக் கும்பார் வழியாகவும் வரலாம். மரம் விழுந்து ஒரு சாலை அடைபட்டால் மாற்று வழியில் போகிறோம், மரத்தை அகற்றும்வரை பொறுக்கிறோம். அன்றே நான்காவது சாலைக்காக யாரும் மலையை வெட்டுவதில்லை. சேமிப்பகமும் அப்படித்தான். சர்வர் திரும்பி வந்தால், அது இல்லாத நேரத்தில் மாறியவற்றை மட்டும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

இரண்டாவது சர்வரும் படுத்தால்? ஒரே படிதான் மிஞ்சும் துண்டுகளில் எழுதுவதையும் படிப்பதையும் செஃப் நிறுத்திவிடும். பயனருக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த ஒரே படியில் புதிதாக எழுதி, அதுவும் போய்விட்டால் மீட்கவே முடியாது.

ஒரே மழை பல சாலைகளை ஒரே இரவில் அடைக்கும் என்பதை 2017 நவம்பரில் பினாங்கு கண்டது. தென் கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று நடந்தது அது போன்றதே. அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் சேமிப்பகத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிது என்று வெளியே நகல் எடுத்து வைக்கப்படவில்லை. ஒரே கட்டடத்துக்குள் எத்தனை படிகள் இருந்தாலும் தீக்கு அவை ஒன்றுதான்.

சிங்கப்பூரின் கதை வேறு. அங்கே இரண்டாவது இடம் இருந்தது. அதற்கு மாறும்போது பிணைய அமைப்பில் இருந்த பிழையால் டிபிஎஸ் முழுமையாக எழ முடியவில்லை. அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களைச் செய்ய சிங்கப்பூர் நாணய ஆணையம் அந்த வங்கிக்கு ஆறு மாதம் தடை விதித்தது.

நம் நாட்டில் தரவு மையம் என்றாலே ஜோகூர் முதலீடு, மின்சாரம், தண்ணீர் பற்றித்தான் பேச்சு. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலும் இங்கு மேகக்கணிமை வட்டாரங்களைத் திறந்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனி மின்சாரமும் குளிரூட்டலும் கொண்ட மூன்று மண்டலங்கள் உள்ளன. ஆனால், தரவை எத்தனை மண்டலங்களில் வைப்பது என்பது பெரும்பாலும் வாடிக்கையாளரின் முடிவு. அதற்குப் பணமும் கூடும்.

கல்விக் கடன், பல்கலைக்கழக விண்ணப்பம், மருத்துவப் பதிவு என எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட நிலையில், இரண்டு கேள்விகளைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. இரண்டாவது படி எந்த ஊரில் இருக்கிறது? அதற்கு மாறும் ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது?

கணினித் துறை மாணவர்கள் இதைச் சொந்தமாகச் சோதித்துப் பார்க்கலாம். செஃப் இலவச மென்பொருள். மூன்று பழைய கணினிகள் போதும். கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போதே ஒரு கணினியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, அடுத்து என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.