கருந்திரைக்குத் தமிழ் ஒவ்வாதாம்!

“ஐயா, மாணவர் பெயரை ஆங்கிலத்திலேயே இட்டுவிடுங்கள். தமிழில் இட்டால் கணினி ஏற்காது.”

தமிழ் நெஞ்சங்களே! 2019-ஆம் ஆண்டில், வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கணிக்கும் மேசைக்கணினி நிரல் ஒன்றை எம் பள்ளிக்கு விற்ற நிறுவனத்தார் எமக்கு இறுத்த விடை இது. விடை இறுத்தவர் தமிழர். அவர் பெயரும் தமிழ்ப்பெயரே. எம்மொடு பேசியதும் தமிழிலேயே. ஆயினும், தம் நிரலில் உள்ள பிழையைத் தூக்கித் தாய்மொழியின் தலையில் வைக்க அவர் நாக் கூசவில்லை. கால் நூற்றாண்டாகத் தமிழ் கற்பித்துவந்த யாம் அன்று வாயடைத்து நின்றோம். கணினியின் உள்ளியல்பு எமக்குத் தெரியாது என்பதே அதற்குக் கரணியம். இன்று ஓரளவு தெரியும். தெரிந்தபின்னும் வாளாவிருத்தல் ஆகாது.

நிகழ்ந்தது இதுதான். அந் நிரலின் சாளரத்தில் ‘யாழினி’ என்று தட்டச்சிட்டால் எழுத்துகள் பழுதின்றித் தோன்றின. ‘சேமி’ என்னும் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நிகழவில்லை, பெயர் பதிவாகவில்லை. அதே பெயரை ஆங்கில எழுத்தில் இட்டால் நொடியில் பதிவாயிற்று. வேறு வழியின்றி ஆங்கிலத்திலேயே இட்டோம். அடுத்த ஆண்டு வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் அப் பட்டியலைப் பார்த்து ‘யாசினி’ என்று அழைத்தார். அப் பெண் முதலில் எழவில்லை; தன்னைத்தான் அழைக்கின்றார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. யாழின் இனிமை நோக்கிப் பெற்றோர் இட்ட பெயர், ழகரம் இல்லாத எழுத்துள் புகுந்து வெளிவந்தபோது பொருளற்ற ஓர் ஒலியாயிற்று. இதனைச் சிறு செய்தி என்பார் உளர். தம் பெயரை நாள்தோறும் பிறர் சிதைத்துக் கூப்பிட அவர்கள் இசைவார்களா?

எம்மிடம் படித்து இன்று நிரலெழுதும் தொழிலில் இருக்கும் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். அவரை அழைத்துக் காட்டினோம். கால் மணிப்பொழுதில் உண்மை வெளிப்பட்டது. பெயரைப் பதிய மறுத்தது சாளரமும் அன்று. தரவுக் கோப்பும் அன்று. அவ் விரண்டும் தமிழை ஏற்கும் ஆற்றல் உடையனவே. சாளரத்திற்குப் பின்னால், பயன்படுத்துவோர் கண்ணுக்கே தெரியாத ஓரிடத்தில், ‘இன்ன பெயர் சேமிக்கப்படுகின்றது’ என்று எழுதும் ஒற்றை வரி கிடந்தது. நிரலைச் செய்தவர் தாம் ஆய்ந்து பார்க்கும்பொருட்டு எழுதி, பின் நீக்காது விட்ட வரி! அவ் வரி தமிழெழுத்தைக் கண்டதும் இடறி விழுந்தது. அது விழவே சேமிக்கும் பணியும் பாதியில் நின்றது.

இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். நிரல் ஒவ்வொன்றற்கும் மூன்று வாய்க்கால்கள் உண்டு. தட்டச்சிட்டது உள்ளே வர ஒன்று. விடை வெளியே செல்ல ஒன்று. பிழையை முறையிட மற்றொன்று. யூனிக்சு இயங்குதளத்தில் 1970-களில் உருப்பெற்ற இம் முறையே இன்றுவரை நிற்கின்றது. இவ் வாய்க்கால்கள் சென்று சேரும் கருநிறத் திரையைக் கணினியார் ‘கன்சோல்’ என்பர். யாம் கருந்திரை என்போம். விண்டோசில் சாளர நிரலாகவே கட்டப்பட்ட ஒன்றற்குக் கருந்திரை இயல்பாக இராது. வேண்டுமெனின் நிரலே கேட்டுப் பெறுதல் வேண்டும். இன்றேல் வெளிவாய்க்காலில் விட்டது காற்றில் போகும். அல்லது, எம் பள்ளி நிரலில் செய்திருந்ததுபோல, ஒரு கோப்பில் சென்று விழுமாறு திருப்பிவிடலாம். அந் நிரல் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அம் மொழி, விண்டோசில் வெளிவாய்க்காலைக் கோப்பிற்குத் திருப்பினால், இயங்குதளத்தின் பழைய குறியெண் பட்டியலைக் கொண்டே எழுத முயலும். எம் கணினியில் அது மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்னும் எண்ணுடைய பட்டியல். அதில் தமிழுக்கு ஓர் இடமேனும் இல்லை. ‘இவ்வெழுத்தை எழுத இயலாது’ என்று பிழைவாய்க்கால் வழியே நிரல் முறையிட்டும் இருந்தது. அம் முறையீடு அதே கோப்பில் நூற்றுக்கணக்கான முறை பதிவாகியும் இருந்தது. விற்றவர் அதனை ஒருமுறையேனும் திறந்து பார்க்கவில்லை. பாராமலே ‘தமிழைக் கணினி ஏற்காது’ என்று முடிவு கட்டினார்!

ஒருங்குறிக்கு முந்திய அப் பழம் பட்டியல்களுள், விண்டோசு தன் இயல்புப் பட்டியலாகக் கொள்ளத்தக்க ஒன்று தமிழுக்கு என்றுமே அமைந்ததில்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோசில் தமிழ் ஒருங்குறி வழியாக மட்டுமே இடம்பெற்றது. எனவே பழைய வாயில் வழியே தமிழை நுழைக்க முயல்பவன், கதவே இல்லாத சுவரில் முட்டிக்கொண்டு ‘தமிழ் தடுக்கின்றது’ என்பவனை ஒப்பான். புதிய வாயிலோ நேற்று இன்று திறந்ததன்று. 1993-இல் வெளிவந்த விண்டோசு என்.டி.யிலேயே ஒருங்குறிக்குரிய அகன்ற வாயில் கருந்திரைக்கு இருந்தது. அவ் வாயிலைப் பைத்தான் மொழி 2016-இல், தன் 3.6 பதிப்பில்தான், கருந்திரைக்கென எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளும் தமிழா குறுக்கே நின்றது?

இனி, கருந்திரை ஏன் இவ்வாறு அமைந்தது எனின், அதன் பிறப்பு அத்தகையது. 1963-இல் வந்த டெலிடைப் 33 என்னும் தொலைத்தட்டச்சுப் பொறியே நெடுங்காலம் கணினிக்கு வாயும் செவியுமாக இருந்தது. அதே ஆண்டு வந்த ஆசுக்கி என்னும் பட்டியலில் இடங்கள் 128 மட்டுமே. பின்னர் 1978-இல் வந்த வி.டி. 100 முனையம் வரிக்கு 80 கட்டமும் திரைக்கு 24 வரியும் வகுத்தது. ஓர் எழுத்துக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு பைட்டு, ஒரு பைட்டுக்குத் திரையில் ஒரு கட்டம் என்பதே அவர்கள் கணக்கு. ஆங்கிலத்திற்கு இக் கணக்கு பொருந்திற்று. பொருந்தியதனை உலக நெறி என்று கொண்டுவிட்டனர்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குக. அந்த டெலிடைப் பொறிக்கு ஆங்கிலத்தின் சிற்றெழுத்துகளே அச்சிட வாரா! பெரிய எழுத்து மட்டுமே வரும். அதற்காக ‘ஆங்கிலம் கணினிக்கு ஒவ்வாது, சிற்றெழுத்தை விட்டொழியுங்கள்’ என்று எந்த ஆங்கிலேயனாவது, அமெரிக்கனாவது கூறினானா? பொறியைத் திருத்தினான், சிற்றெழுத்தைக் காட்டும் முனையத்தைச் செய்தான். பொறி குறையுடையது என்று அவன் கண்டான். மொழி குறையுடையது என்று நம்மவன் காண்கின்றான். அடிமைப்பட்ட உள்ளத்திற்கு இதனின் வேறு அடையாளம் வேண்டுமோ?

நம் எழுத்தின் கணக்கு வேறு. ‘கயல்விழி’ என்பதில் எழுத்து ஐந்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஒருங்குறியில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எண் பெறுதலின் குறியெண் எட்டு. யு.டி.எப். 8 என்னும் முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகலின் பைட்டு இருபத்து நான்கு. இனி, சி மொழி கற்பிப்போர் வழக்கமாகச் செய்வதுபோல, பெயருக்கென இருபது பைட்டு ஒதுக்கி உள்வாய்க்காலிலிருந்து படிக்கச் செய்க. முடிவைக் குறிக்க ஒன்று போக எஞ்சிய பத்தொன்பதில் ஆறு குறியெண் அடங்கும். ஒரு பைட்டு துண்டாய்த் தொங்கும். நின்றது ‘கயல்வி’. பெண்ணின் விழியைப் பறித்துவிட்டு நிரல் ‘வணக்கம்’ கூறுகின்றது!

சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்புக என்பது எல்லாக் கல்லூரிகளிலும் தரும் பயிற்சி. ‘தமிழ்’ என்பதைத் திருப்பினால் ‘ழ்மித’ என வரல் வேண்டும். குறியெண்ணைத் திருப்பும் நிரலோ ழகரத்தின் புள்ளியைப் பிடுங்கி முன்னால் தனியே நிறுத்துகின்றது. மகரத்தின் கொம்பை ழகரத்திற்குச் சூட்டுகின்றது. புள்ளி மெய்யைவிட்டுத் தனியே நில்லாது என்னும் எளிய எழுத்திலக்கணம் அறிந்தவன் இப் பிழையைச் செய்யான். மெய்யும் உயிரும் கூடி நிற்கும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே வகுத்தார். நிரல் எழுதக் கற்பவனுக்கு அதனை யார் கற்பித்தார்? தமிழ்ப்பாடம் மதிப்பெண்ணுக்கு, கணினிப்பாடம் வேலைக்கு என்று பிரித்து வைத்தோம். இரண்டும் ஒரே மாணவன் தலைக்குள் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

வேடிக்கை ஒன்றும் உண்டு. ஒரு குறியெண்ணுக்குத் திரையில் எத்தனை கட்டம் என்று கணிக்க, முனையங்கள் பல ஒருங்குறியின் எழுத்து வகைப்பாட்டையே நம்புகின்றன. அவ் வகைப்பாட்டில் இகரக் கொம்பு இடங்கொள்ளும் குறி. ஈகாரக் கொம்பு இடங்கொள்ளாக் குறி. ஆகவே ‘மி’ இரண்டு கட்டம், ‘மீ’ ஒரு கட்டம்! குறிலுக்கு அகன்ற பாயும் நெடிலுக்குக் குறுகிய பாயும் விரித்த அறிவை என்னென்பது? கருந்திரையில் தமிழ்ப்பட்டியல் நேர்கோட்டில் நில்லாமல் கோணுவதற்கு இஃது ஒரு கரணியம்.

ஆசிரிய நண்பர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றை இங்கே கூறிவிடுகின்றோம். ‘தமிழ் வரவில்லை’ என்று எவரேனும் கையை விரித்தால் இதனைக் கொண்டு மடக்கலாம். தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்கள் தோன்றினால் எழுத்து அழியவில்லை. காட்டும் எழுத்துரு இல்லை, அவ்வளவே. அக் கட்டங்களைப் படியெடுத்து வேறொரு சாளரத்தில் ஒட்டுக; தமிழ் தமிழாகவே வந்து நிற்கும். தலையில் கோடிட்ட ‘ஏ’ எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வந்தால், எழுத்து முழுமையாகவே உள்ளது, யு.டி.எப். 8-இல் எழுதியதனை 1252 பட்டியலைக் கொண்டு படிக்கின்றார்கள் என்பது பொருள். வினாக்குறிகளாக வந்தால்தான் இழப்பு. பழைய வாயிலில் தமிழைத் திணித்து ஒவ்வோரெழுத்தையும் வினாக்குறியாக மாற்றிவிட்டார்கள். அதனை இனி மீட்க முடியாது. எனவே வினாக்குறி கண்டவுடன் தட்டச்சிடுவதை நிறுத்துக. நூறு பெயரை இட்டபின் அழுது பயனில்லை.

மருந்தும் மலையுச்சியில் இல்லை. வெளிவாய்க்கால் எங்கே செல்கின்றது, கருந்திரைக்கா கோப்பிற்கா என்று நிரல் முதலில் அறிதல் வேண்டும். கருந்திரையாயின் அகன்ற வாயில் வழியே எழுதுக, படிப்பதும் அவ்வாறே. கோப்பாயின் அவ் வாயில் பயன்படாது, யு.டி.எப். 8-இல் எழுதுக. சிலர், ‘65001 என்னும் பட்டியலுக்கு மாற்றும் கட்டளையை இட்டால் போதும்’ என்று எளிதாகக் கூறுவர். அஃது அரை மருந்து. வெளியீட்டிற்கு உதவும், ஆனால் தட்டச்சிட்ட தமிழைப் பழைய வாயில் வழியே படித்தால், நெடுங்காலம் எழுத்துக்கு மாறாக வெறும் சுழியங்களே வந்துகொண்டிருந்தன. 2019-இல் அறிவிக்கப்பட்டு 2020-இல் முழுப்பதிப்பாக வெளிவந்த விண்டோசு முனையம் பழைய கருந்திரையினும் எவ்வளவோ மேல். ஆயினும் நல்ல திரை வந்துவிட்டது என்பதால் கெட்ட வரி தானே திருந்திவிடாது.

நம் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடித் தமிழ்99 விசைப்பலகையையும் குறியீட்டு முறைகளையும் வகுத்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. இவை அருஞ்செயல்கள், மறுப்பாரில்லை. ஆனால் ‘கன்சோல்’ என்பதற்கு முனையம் நன்றா, பணியகம் நன்றா, கருந்திரை நன்றா என்று அரை நாள் சொற்போர் நிகழ்த்தும் நம் அன்பர்கள், அந்தக் கருந்திரையில் ஒரு தமிழ்ப்பெயர் உட்சென்று அதே பெயராக வெளிவருகின்றதா என்று ஒருமுறையேனும் தட்டிப் பார்த்ததுண்டா? சொல்லாக்கம் வேண்டா என்கிலோம். எம் வாழ்நாட் பணியே அதுதான். சொல் பிறந்தபின் அது வாழ ஓர் இடம் வேண்டும் என்கின்றோம்.

நிரலெழுதும் தமிழ் இளைஞர்களே! உங்கள் நிரல் பணிசெய்கின்றதா என்று பார்க்க ஆங்கிலச் சொல்லொன்றையே இட்டுப் பார்க்கின்றீர்கள். அடுத்தமுறை ‘கயல்விழி’ என்று இடுங்கள், திரையில் பாருங்கள், கோப்பிற்குத் திருப்பியும் பாருங்கள். ஒரு சொல்தானே! அச் சொல்லைத் தாங்காத நிரலைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு விற்கும் உரிமையை உங்களுக்கு எவர் தந்தார்? தலைமையாசிரியர்களே! பணம் கொடுக்குமுன் நாற்காலியில் அமர்ந்து உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர் பத்தினைத் தமிழில் இட்டுச் சேமித்து, கணினியை அணைத்து, மீண்டும் திறந்து பாருங்கள். பத்தும் அவ்வாறே நின்றால் கையொப்பம் இடுக.

எம் பள்ளி நிரலை அப் பழைய மாணாக்கர் ஒரே வரியில் திருத்தினார், வெளிவாய்க்கால் யு.டி.எப். 8-இல் எழுதுக என்னும் ஆணையே அவ் வரி. நானூற்றுச் சொச்சம் பெயர்களை நான்கு மாலைப்பொழுதில் நாங்களே மீண்டும் தமிழில் இட்டோம். நிறுவனத்தாருக்கு அவ் வரியை எழுதி அனுப்பினோம். விடை வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான புதுப்பிப்புப் படிவம் மட்டும் வந்தது. அதில் ‘மாணவர் பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்தில்’ என்றிருந்தது. அதனை நிரப்பாமல் திருப்பி அனுப்பிவிட்டோம்.