வெயிலும் வலிப்பும்

காக்காய் வலிப்பு உள்ள குழந்தைக்கு வெயில் ஆகாதென்று, அதை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. பள்ளிக்கூடமும் விளையாட்டும் நின்றுபோகின்றன. வெயிலின்மீது சாட்டும் இந்தக் குற்றம் எவ்வளவு தூரம் நியாயமானது?

நிலையாக எறிக்கும் சூரிய வெளிச்சம் சாதாரணமாக வலிப்பை உண்டாக்குவதில்லை. விட்டு விட்டு அடிக்கும் வெளிச்சமே சிலருக்கு ஆகாது. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்கு மாலை வேளையில் பஸ்ஸில் போகிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். சாய்ந்த வெயில் தென்னை மரங்களின் இடையே புகுந்து, ஒளியும் நிழலுமாக மாறி மாறி முகத்தில் விழும். இவ்வாறு விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை ஒளி துடித்தால், அதைத் தாங்காத மூளையில் வலிப்பு எழக்கூடும். 1997-ஆம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி ஜப்பானில், டெலிவிஷனில் சிவப்பும் நீலமுமாக மின்னிய சித்திரக் காட்சியைக் கண்ட நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காரணம் இதுவே.

ஆனால் வலிப்பு நோயாளிகள் 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் இந்தக் கோளாறு உண்டு. பெரும்பாலும் சிறுவர்களுக்கும் வாலிபப் பருவத்தினருக்கும். அவர்களுக்கும் ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ஒளி துடிக்கத் தொடங்கியதும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இமைகளை மூடினால் மட்டும் போதாது. அவற்றின் வழியாகவும் வெளிச்சம் உட்புகும்.

தூக்கம் கெடுவதும், மாத்திரை தவறுவதும், ஜுரமும் வெயிலைவிடப் பொல்லாத சத்துருக்கள். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து, இரவெல்லாம் கண்விழித்துப் பழனிக்கு நடந்த வாலிபன் மறுநாள் பகலில் வலிப்புக் கண்டு விழுந்தால், பழி வெயிலுக்குப் போகிறது. இழந்த தூக்கத்தையும், மடிசஞ்சியிலேயே கிடந்த மாத்திரையையும் எவரும் நினைப்பதில்லை.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். கை கால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது. வாயில் எதையும் திணிக்கலாகாது. இரும்புச் சாவியால் பயனில்லை. 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்நோயை விவாகத்துக்குத் தடையாகக் கூறிய வாசகத்தை, சுதந்திர பாரதம் 1999-இல் ஹிந்து விவாகச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. சட்டம் திறந்த கதவைப் பெற்றோர் அடைத்து வைக்கலாமா? வைத்தியரைக் கேட்டு மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். குழந்தையை வெளியே விளையாட விடுங்கள்.