குதிரை லாயத்திலே பிறந்த பாடசாலை

1995ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மேற்கொண்ட திருப்பயணத்தை நம்மவர் எளிதில் மறந்திரார். அம்மாதம் 21ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே யோசப் வாஸ் அடிகளாருக்கு அவர் முத்திப்பேறு பட்டம் அளித்தார். அதற்கு இரு நாள்கள் முன்னதாக, 19ஆம் நாள், சிட்னி நகரிலே ஒரு பாடசாலை ஆசிரியைக்கு அதே மாண்பை வழங்கிவிட்டுத்தான் அவர் நம் மண்ணை வந்தடைந்தார் என்பதை நினைவிற் கொண்டிருப்போர் மிகச் சிலரே. அந்த ஆசிரியையே சிலுவையின் மரியாள் எனத் துறவறப் பெயர் பூண்ட மேரி மக்கிலொப் அன்னை. 2010ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவுஸ்திரேலிய நாட்டின் முதற் புனிதர் அவர். நம் யோசப் வாஸ் அடிகளார் 2015ஆம் ஆண்டில் அந்நிலையை அடைந்தார். ஒரே திருப்பயணத்தில் மேன்மை பெற்ற இவ்விருவரையும் ஒருவகையில் உடன்பிறப்புகள் என்றே கொள்ளலாம்.

யோசப் வாஸ் அடிகளாரை நாம் நன்கறிவோம். அவருடைய இச்சகோதரியைப் பற்றி நம் இல்லங்களில் பேச்சே இல்லை. நம் பெண்பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கன்னியர் மடப் பாடசாலைகளில் சேர்த்து வந்த நாம், ஓர் ஆசிரியத் துறவியின் வாழ்வு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

மேரி 1842ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மெல்பேண் நகரை அடுத்த பிற்ஸ்ரோய் என்னுமிடத்திற் பிறந்தார். பெற்றோர் ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தையார் இளமையில் குருவாகும் நோக்குடன் உரோமையிற் பயின்று, இடைநடுவில் அதை விட்டவர். கல்வியும் பத்தியும் மிக்கவர். ஆயினும் பணத்தைக் கையாளத் தெரியாதவர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான மேரி பதினாறாவது வயதிலேயே ஒரு காகிதாதி வணிக நிலையத்தில் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கத் தொடங்கினார். மூத்த பெண்பிள்ளையின் தோளில் வீட்டுச் சுமை ஏறுவது நமக்குப் புதிய கதையன்று. 1860ஆம் ஆண்டில், தென் அவுஸ்திரேலியாவின் பெனோலா என்ற சிற்றூரில், தம் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கும் பணியை ஏற்றதும் உழைப்பின் பொருட்டே.

அங்கேதான் அருட்தந்தை யூலியன் டெனிசன் வூட்ஸ் அவரைச் சந்தித்தார். அக்குருவானவரின் பங்கு ஏறத்தாழ 56,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நம் இலங்கைத் தீவு முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர் என்பதை நினைத்தால், குதிரை மேலேறி ஒரு தனி மனிதர் கண்காணித்த அப்பங்கின் விரிவு விளங்கும். அங்குச் சிதறிக் கிடந்த குடியேற்றக்காரரின் பிள்ளைகள் எழுத்தறிவும் மறையறிவும் இன்றி வளர்ந்தனர். அக்காலத்து ஐரோப்பியத் துறவற சபைகள் பெரும்பாலும் நகரங்களிலே மடம் அமைத்து, கட்டணம் செலுத்த வல்ல குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தன. இந்தப் பிள்ளைகளுக்கென ஒரு சபை வேண்டும் என்று அவ்விருவரும் கனவு கண்டனர். ஆயினும் மேரி உடனே புறப்பட்டுவிடவில்லை. தம்மை நம்பியிருந்த குடும்பத்திற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்துக்கொண்டே காத்திருந்தார். இறையழைத்தல் வந்தால் வீட்டைக் கைவிட வேண்டியதுதான் என்று அஞ்சும் பெற்றோர், இந்தக் காத்திருப்பைக் கவனிக்க வேண்டும்.

1866ஆம் ஆண்டில் பெனோலாவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு குதிரை லாயத்தை அவருடைய தம்பி செப்பனிட்டுக் கொடுக்க, அதுவே பாடசாலையாயிற்று. உடன்பிறந்த சகோதரிகள் இருவர் துணைநின்றனர். அவ்வாண்டு மார்ச் 19ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, மேரி எளிய கறுப்பு உடை அணிந்தார். தொழுவத்திலே பிறந்த ஆண்டவரோடு இப்பாடசாலையை ஒப்பிடாத மறையுரை இல்லை. நானும் அதையே திரும்பச் சொல்ல விரும்பவில்லை. என் உள்ளத்தைத் தொடுவது அப்பாடசாலையின் கணக்குப் புத்தகமே. கொடுக்க இயன்றவர் இயன்றதைக் கொடுத்தனர். இயலாதவரின் பிள்ளைகளும் அதே வாங்கில் அமர்ந்தனர். அரசின் பணத்தையும் அவர்கள் நாடவில்லை. உணவு தீர்ந்தபோது சகோதரிகள் வீடு வீடாகச் சென்று யாசித்தனர்.

1867ஆம் ஆண்டு ஓகஸ்ற் 15ஆம் நாள் அடிலெயிட் நகரிலே மேரி வார்த்தைப்பாடு எடுத்தார். திருஇருதயத்தின் புனித சூசையப்பர் சகோதரிகள் சபை இவ்வாறு வேரூன்றியது. அவர்கள் அணிந்த மண்ணிற உடையே பின்னர் அவர்களின் அடையாளமாயிற்று. பெரிய மடங்களும் உயர்ந்த மதில்களும் அவர்களுக்கு இல்லை. இருவர் மூவராகப் பிரிந்து, சுரங்கத் தொழிலாளரும் இருப்புப்பாதை அமைக்கும் கூலியாளரும் வறிய கமக்காரரும் வாழ்ந்த இடங்களுக்குச் சென்று, அம்மக்கள் வாழ்ந்த விதமாகவே சிறு குடில்களில் வாழ்ந்தனர். நற்கருணைப் பலியைக் காண்பதற்கே வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டிய தொலைவிடங்கள் அவை. 1871ஆம் ஆண்டளவில் தென் அவுஸ்திரேலியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் 130 சகோதரிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளிலும் இரக்கப்பணி இல்லங்களிலும் உழைத்தனர். ஐந்தே ஆண்டுகளில் விளைந்த விளைச்சல் இது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. இச்சகோதரிகள் பியானோ போன்ற இசைக்கருவிகளைக் கற்பிக்க மறுத்தனர். அக்காலத்தில் கன்னியர் மடக் கல்வி என்றாலே இசை தவறாமல் இருக்க வேண்டும் என்று திருச்சபைத் தலைவர்கள் எண்ணினர். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு அது அணிகலன், மடத்திற்கோ வருமானம். இசையில் என்ன தீமை என்று நீங்கள் கேட்கலாம். தீமை ஏதுமில்லை, கோவிலிலே பாடகர் குழாமை வளர்த்தவர்களே நம் கன்னியர்தாம். ஆனால் பியானோ வந்தால் அதற்குக் கட்டணம் செலுத்தும் பிள்ளை வருவாள். அவள் வந்தால் அவளுக்கேற்ற மண்டபம் எழும். நாளடைவில் செருப்பில்லாத பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவாள். இவர்கள் மறுத்தது இந்த வழுக்கலை என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். நகரத்துப் புகழ்பெற்ற பாடசாலைகளை நடத்தும் எவரும் இதை ஒருமுறை ஆற அமரச் சிந்தித்தால் நன்று.

இத்தகைய வாழ்வுக்குச் சிலுவை வராமலா போகும்? வந்தது, அதுவும் திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. இச்சபையின் ஒழுங்குகளின்படி சகோதரிகள் எந்த மறைமாவட்டத்திற் பணிபுரிந்தாலும் தம் தலைமை அன்னையின் ஆளுகைக்கே உட்பட்டவர்கள். ஆயர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. சகோதரிகளின் கல்வித் தகைமை பற்றியும் கடன் பற்றியும் முறைப்பாடுகள் எழுந்தன. இவற்றோடு மற்றொரு காரணத்தையும் வரலாற்றாசிரியர் சிலர் கூறுகின்றனர். 1870ஆம் ஆண்டில் கபுண்டா என்னுமிடத்தில் ஒரு குருவானவர் சிறுபிள்ளைகளுக்கு இழைத்த தீங்கை இச்சகோதரிகள் வெளிப்படுத்தியதால், குருக்கள் சிலர் அவர்கள் மீது பகைமை கொண்டனர் என்பதே அது. பிள்ளைகளைக் காப்பதும் ஆசிரியத் துறவியின் அழைப்பிலே அடங்கியதுதான் என்பதை நம் காலத்துத் திருச்சபை கண்ணீரோடு கற்று வருகிறது. அவர்கள் அதை அன்றே செய்தார்கள்.

1871ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள் அடிலெயிட் ஆயர் லோறன்ஸ் ஷீல், கீழ்ப்படியாமைக் குற்றஞ்சாட்டி, மேரியைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஆயருக்குரிய முடியும் செங்கோலும் தரித்து ஆயர் நிற்க, இருபத்தொன்பது வயதுடைய அப்பெண் சிற்றாலயத்திலே முழந்தாளிட்டு அத்தீர்ப்பைக் கேட்டார். சகோதரிகளிற் பலர் வெளியேற்றப்பட்டனர்; பாடசாலைகள் பல மூடப்பட்டன. அவர்களுக்கு வாடகையின்றி வீடு கொடுத்தவர் இம்மானுவேல் சொலமன் என்ற யூத வணிகர். இயேசு சபைக் குருக்கள் சிலர் அவருக்கு அருட்சாதனங்களை மறுக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதங்களின் பின், 1872ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், மரணப் படுக்கையிலிருந்த ஆயர் அத்தீர்ப்பை நீக்கினார். ஒரு வாரத்தில் அவர் காலமானார். பின்னர் நடந்த விசாரணையும் மேரி குற்றமற்றவர் எனக் கண்டது.

இந்நிகழ்வைச் சொல்பவர்கள் இருவகைப்படுவர். அன்னையின் தாழ்மையை மட்டும் புகழ்ந்து, நடந்த அநீதியைத் திரையிட்டு மறைப்பவர் ஒரு வகை. அவரைத் திருச்சபையை எதிர்த்த போராளியாகக் காட்டுபவர் மறு வகை. இரண்டும் அவரைக் குறைத்துவிடுகின்றன என்பது என் கருத்து. அவர் ஆயருக்கு எதிராக ஒரு சொல்லேனும் பேசச் சகோதரிகளை விடவில்லை. அதேவேளை, தம் சபையின் ஒழுங்கு ஏழைப் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது எனக் கண்ட இடத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. 1873ஆம் ஆண்டில் தனியே கடல் கடந்து உரோமைக்குச் சென்று, திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரைச் சந்தித்து, தம் வழக்கைத் திருப்பீடத்தின் முன்வைத்தார். வறுமை பற்றிய விதிகளைத் திருப்பீடம் மாற்றியமைத்தது. அது அருட்தந்தை வூட்ஸ் அவர்களை அன்னையிடமிருந்து பிரித்துவிட்ட துயரமாகவும் முடிந்தது. ஆயினும் சகோதரிகளைச் சகோதரிகளே ஆளும் உரிமை நிலைபெற்றது. 1888ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் சபையை உறுதிப்படுத்தினார்.

கீழ்ப்படிதலும் அடிமைத்தனமும் ஒன்றல்ல. பங்குகளிலே அருட்சகோதரிகளை மறைக்கல்விக்கும் பீட அலங்காரத்திற்கும் விழாக்கால ஏற்பாடுகளுக்கும் அழைத்துவிட்டு, பங்கின் தீர்மானங்களை எடுக்கும்போது அவர்களை மறந்துவிடும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. இளம் பெண்கள் இதைக் காண்கிறார்கள். துறவறம் என்றால் இவ்வளவுதானா என்று அவர்கள் எண்ணினால் அவர்களைக் குறைகூற இயலாது.

அன்னையின் சோதனைகள் அத்துடன் முடியவில்லை. 1883ஆம் ஆண்டில் அடிலெயிட் ஆயர் ரெனோல்ட்ஸ் அவரை மறைமாவட்டத்தைவிட்டு வெளியேறப் பணித்தார். 1885ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, அன்னை பேர்னாட் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. தாம் தொடங்கிய சபையிலேயே, தமக்குப் பின் வந்தவரின் கீழ் உதவியாளராக, பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் பணிபுரிந்தார். திருச்சபை விலக்கைவிட இதுவே கடினமான பகுதி என்று நான் எண்ணுகிறேன். பெரிய அநீதியைத் தாங்கும்போது ஓர் உள்வலிமை பிறக்கும். நாளாந்தம் பின்வாங்கில் அமர்ந்து, புதியவரின் திட்டங்களை மனமுவந்து நிறைவேற்றுவதற்கு அந்த வலிமை போதாது. அதிபராயிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இக்காலத்திலேயே அவர் தாயாரையும் இழந்தார். 1886ஆம் ஆண்டு மே மாதம், மகளின் பணிக்கு நிதி திரட்டும் விற்பனை விழாவில் உதவுவதற்காக மெல்பேணிலிருந்து சிட்னிக்குக் கப்பலேறினார் புளோரா அம்மையார். லீ ஈ மூன் என்ற அக்கப்பல் கிறீன் முனையருகே பாறையில் மோதிச் சிதைந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் அத்தாயும் ஒருவர். மகளைத் துறவறத்திற்குக் கொடுத்ததோடு தன் பங்கு முடிந்தது என அவர் எண்ணவில்லை. மகள் செய்த பணியைத் தன் பணியாகவே கொண்டு, தள்ளாத வயதிலும் புறப்பட்டார்.

அன்புக்குரிய பெற்றோரே, 1862ஆம் ஆண்டில் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய நாளிலிருந்து நம் பெண்பிள்ளைகளின் கல்வி கன்னியரின் கைகளில் வளர்ந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்ற பின்னரும் அவர்கள் வகுப்பறையை விட்டு விலகவில்லை. இன்றும் முதலாம் தரத்திற்கு மகளைச் சேர்க்க வேண்டுமென்றால் கன்னியர் மடத்தின் வாசலைத் தேடி ஓடுகிறோம்; பங்குத்தந்தையின் கடிதத்திற்காகவும் காத்திருக்கிறோம். அதே மகள் உயர்தரம் முடித்த பின், நானும் சிஸ்ராக வேண்டும் என்று மெல்லச் சொன்னால் வீடு மரண வீடாகிவிடுகிறது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்து, ஆண்டுக்கொருமுறை காணொளியில் முகம் பார்ப்பதற்கு உடன்படும் நாம், பக்கத்து மறைமாவட்டத்து மடத்திற்கு அனுப்பும்போது மட்டும் பிள்ளையை இழந்துவிட்டோம் என்கிறோம். பெண் துறவறம் செல்வதும் செல்லாததும் அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான காரியம். எவரையும் வற்புறுத்தல் ஆகாது. ஆனால் அவள் வாய் திறப்பதற்கேனும் நம் வீட்டில் இடமுண்டா?

அன்னை பேர்னாட் மறைந்த பின், 1899ஆம் ஆண்டில் சகோதரிகள் மேரியையே மீண்டும் தலைமை அன்னையாகத் தெரிந்தெடுத்தனர். 1902ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் பாரிசவாதம் கண்டு அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இடது கையால் எழுதப் பழகி, தொலைதூரப் பாடசாலைகளிலிருந்த சகோதரிகளுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். அந்நிலையிலும் 1905ஆம் ஆண்டில் அவரையே அவர்கள் மறுபடியும் தெரிந்தெடுத்தனர். 1909ஆம் ஆண்டு ஓகஸ்ற் 8ஆம் நாள் வட சிட்னியில் அவர் இறைவனடி சேர்ந்தார். மக்கள் வந்து அவருடைய கல்லறை மண்ணை அள்ளிச் சென்றவண்ணமிருந்ததால், 1914ஆம் ஆண்டில் அவருடைய உடல் மவுண்ட் வீதியிலுள்ள சிற்றாலயத்திற்கு மாற்றப்பட்டது. அங்குள்ள கல்லறையை அன்பளிப்பாக அமைத்துக் கொடுத்தவர் கத்தோலிக்கர் அல்லர். வாழ்நாள் முழுவதும் அவரோடு நட்புப் பூண்டிருந்த ஒரு புரட்டஸ்தாந்துப் பெண்மணி. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காண்பதற்காக நம்மிற் பலர் சிட்னி சென்று, துறைமுகப் பாலத்தின் முன் நின்று படமும் எடுத்து வருகிறோம். அப்பாலத்தைக் கடந்து வடகரைக்குச் சென்றால், சற்றுத் தொலைவிலேயே அந்தச் சிற்றாலயம் இருக்கிறது.