வழியில் யார் சோறிடுவார்?

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலை நடப்பவர்களின் சாலையாகிவிடும். 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறந்தநாள் பெருவிழா. சென்னையில் கிளம்பி, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, காவி உடுத்தி, 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற கூட்டம் ஏறத்தாழப் பாதி வழியில் புதுச்சேரியைத் தொடுகிறது. அவர்களால் போக்குவரத்து நெரிசல் என்று புலம்புகிறவர்களுக்கு இந்தப் பத்தியில் பலமுறை பதில் எழுதியாயிற்று. நடப்பவர்களுக்கு நடைபாதையும் நிழலும் வைக்காமல் சாலையை அகலப்படுத்தியவர்கள்தான் அதற்குப் பொறுப்பு. என் கருத்தில் மாற்றமில்லை. இந்த வாரம் எனக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்று. பழைய யாத்திரை வழிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு குழுவாக நடத்திச் செல்லும் ஏற்பாடுகள் பெருகிவிட்டன. அவற்றின் அறிவிப்புகளில் வேன் உண்டு, முதலுதவி உண்டு, அடைத்த தண்ணீர் உண்டு, வரலாறு சொல்ல ஒரு வழிகாட்டியும் உண்டு. வழியில் குடியிருக்கும் மனிதர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

வழிகாட்டி வேண்டாம் என்பதல்ல என் வாதம். குழுவாகப் போவதும், முன்னே போய்வந்தவர் சொல் கேட்டு நடப்பதும் நம் பழக்கம்தான். இந்தக் கடற்கரைக்கென்றே எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி நூல் நம்மிடம் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அது சிறுபாணாற்றுப்படை. இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை அவனிடம் போகச் சொல்லி வழி சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடக்கம். அதாவது, அந்த வழி தொடங்குவது வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் புதுச்சேரிக்கு முன்னால் தாண்டிவருகிற அதே கடற்கரையில்.

அந்தப் பாணன் என்ன சொல்கிறான் என்று உற்றுப் பாருங்கள். தூரக் கணக்கு சொல்லவில்லை. எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவார்கள், கூடவே முதிர்ந்த கள்ளும் கிடைக்கும் என்கிறான். வேலூர்ப் பக்கம் போனால் எயினர் குடியில் புளி சேர்த்துச் சமைத்த சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறு, நண்டுக் கலவையோடு. நெய்தலிலிருந்து மருதம் வரைக்கும் நிலம் மாற மாறச் சோறும் மாறுகிறது. அந்த மாற்றமே அவனுடைய வரைபடம். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல அவனுக்கு எப்படி முடிந்தது? அவனும் பட்டினி கிடந்து இதே வழியில் போய் இதே வீடுகளில் உண்டவன். தன் வீட்டு அடுக்களையைப் பற்றி அவன் சொல்லும் இடம் கல்நெஞ்சையும் கரைக்கும்: கண் திறக்காத குட்டிகளை ஈன்ற நாய், பால் இல்லாத வேதனையில் அவற்றை உண்ணவிடாமல் குரைக்கிறது, வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். வழிகாட்டியின் தகுதி இதிலிருந்துதான் வருகிறது. அந்த வழியில் அவன் விருந்தாளியாக இருந்திருக்கிறான்.

இது புலவர் தம் வள்ளலைப் புகழக் கட்டிய கற்பனை, இதை வைத்து வாதாடலாமா என்று கேட்பார்கள். நல்லியக்கோடனைப் பாடும் பகுதியில் மிகை இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீனவரும் வேடரும் உழவரும் பரிசு கொடுக்கும் வள்ளல்கள் அல்லர். அவர்களைப் புகழ்ந்து பாணனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. வழி என்றால் அதில் சோறிடுபவர்களும் சேர்த்திதான் என்று கேட்போர் ஏற்கெனவே நம்பியிருந்தால்தான் இப்படிப் பாட முடியும்.

இந்த நம்பிக்கை பாணர்களோடு போய்விடவில்லை. பக்திப் பயணங்களின் பெருநூலான பெரியபுராணத்தில் நடந்தவர்களுக்குக் கிடைத்த அதே இடம், நடந்தவர்களுக்கு உணவிட்டவர்களுக்கும் கிடைக்கிறது. இதே சாலை புதுச்சேரிக்குத் தெற்கே, நம் ஒன்றியப் பிரதேசத்துக்கே சொந்தமான காரைக்கால் வழியாகப் போகிறது. அங்கே புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண், பசியோடு வந்த அடியார் ஒருவருக்குச் சோறு வெந்தும் கறி ஆகாத வேளையில், கணவன் அனுப்பியிருந்த இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் படைத்தாள். காரைக்கால் அம்மையாரின் கதை தொடங்குவது அந்த இலையில்தான். தலையால் கயிலைக்கு நடந்ததெல்லாம் பிறகு. திங்களூரில் அப்பூதியடிகள், தாம் பார்த்தேயிராத நாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். சீர்காழிக்குப் பக்கத்துத் திருக்குருகாவூரில் சுந்தரரும் உடன் வந்த கூட்டமும் பசியால் களைத்தபோது, சிவனே பந்தலிட்டுக் காத்திருந்து கட்டுச்சோறு கொடுத்தார் என்கிறார் சேக்கிழார். வேளாங்கண்ணியின் தல வரலாறும் அப்படித்தான். நடுத்திட்டு என்ற இடத்தில் ஆலமரத்தடியில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், குழந்தையோடு வந்த தாய்க்குக் காசு வாங்காமல் ஒரு குவளை மோர் கொடுத்தான். அந்த ஊருக்கு இன்று இலட்சக்கணக்கானவர் நடக்கிறார்கள்.

அரசர்களும் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் சாலையோரம் சத்திரங்கள் கட்டினார்கள். சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. புதுச்சேரியில் அரசன் கட்டாததை வீடு கட்டியவர்களே கட்டினார்கள். தமிழ்ப் பகுதியின் பழைய வீடுகளில் வாசலுக்கு வெளியே திண்ணை. அதற்கும் வெளியே, தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். சொந்த மனையில் ஒரு பகுதியை முன்பின் தெரியாத வழிப்போக்கன் உட்காரவும் படுக்கவும் ஒதுக்கினார்கள். வைசியாள் வீதியில் இந்த வீட்டுவரிசையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். நகரைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அதன் முன்னால் குழுவை நிறுத்தித் தூணின் வேலைப்பாட்டை விளக்குகிறார்கள். யார் படுப்பதற்காக அந்தத் தாழ்வாரம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஆயிரக்கணக்கில் நடக்கும் காலத்தில் யார் வீட்டில் யார் சோறிட முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரை அதற்கு ஒரு விடை. ஏறக்குறைய மறந்துபோன அந்த வழியை 1980களில் ஏலியாஸ் வாலிஞ்ஞா என்ற பங்குத்தந்தை மஞ்சள் அம்புக்குறி தீட்டித் தீட்டி மீட்டார். 2024இல் யாத்திரையை நடந்து முடித்ததற்கான சான்று பெற்றவர்கள் ஐந்து இலட்சத்தை நெருங்கினார்கள். அந்தச் சான்றுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்ததற்கு அத்தாட்சி, வழியிலுள்ள விடுதியும் கோயிலும் சிற்றுண்டிக் கடையும் சின்ன ஏட்டில் போட்டுக்கொடுக்கும் முத்திரைகள். யாத்திரிகன் யாத்திரிகன்தான் என்று சாட்சி சொல்லும் உரிமை வழியில் உள்ளவர்களிடம் இருக்கிறது. கூட்டம் பெருகியதால் அந்த உறவு அறுந்துவிடவில்லை. நம் சாலையோரத்து மோர்ப் பந்தல்களும் கஞ்சி வார்ப்போரும் அதைத்தான் செய்கிறார்கள். மோர் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களும் அல்லர்.

கட்டணக் குழுவால் நன்மையே இல்லையா? இருக்கிறது. தனியாகக் கிளம்பத் தயங்கும் பெண்களும் சர்க்கரை நோயுள்ள முதியவர்களும் வேன் பின்னால் வருகிறது என்ற தைரியத்தில்தான் நடக்கிறார்கள். இரவில் வண்டிகள் பறக்கும் சாலையில் அந்தப் பாதுகாப்பை யாரும் ஏளனம் செய்ய முடியாது. வேன் வரட்டும், மருந்துப் பெட்டியும் வரட்டும். சாப்பாட்டை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். மரக்காணத்தில் மீன் குழம்பு வைக்கிற குடும்பத்துக்கும், கடலூர்ப் பக்கத்துத் தோப்பில் இளநீர் வெட்டுகிறவருக்கும், காரைக்காலில் திண்ணை விடுகிற வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து, கொடுக்கும் சோற்றை உட்கார்ந்து உண்ணும்படி வழியை அமைக்கலாம். விளக்கம் சொல்ல வருகிறவர் அந்த வீடுகளில் முன்பே உண்டவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரைப் பிடித்துவிட்டுப் பிறகு கட்டணத்தை அச்சடிக்கட்டும்.