வேலை போனது நம் குற்றமா?

காலை ஷிப்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்குடன் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் பொழுதைக் கழித்த தொழிலாளிகளை நாம் பார்த்திருக்கிறோம். வேலை போன செய்தியை மனைவியிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. திருடியவன் அல்ல, சோம்பேறியும் அல்ல. பின் எதற்கு இந்த வெட்கம்?

நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006-ல் உற்பத்தி தொடங்கியது. நிலமும் வரிச் சலுகையும் கொடுத்து சர்க்கார் வரவேற்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், இரவு பகலாக உழைத்தார்கள். 2013-ல் வருமான வரித் தகராறு எழுந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது, கம்பெனி மறுத்தது. ஏப்ரலில் போன் வியாபாரம் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது. இந்த ஆலை மட்டும் நடுத்தெருவில் நின்றது. 5,000-க்கும் அதிகமானோர் ‘விருப்ப ஓய்வில்’ அனுப்பப்பட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! யாருடைய விருப்பம்? 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அந்த ஆலையை சால்காம்ப் வாங்கும் என்ற அறிவிப்பு 2019-ல் வந்தது. கட்டிடத்துக்குப் புது எஜமான் கிடைத்தான். தொழிலாளி இழந்த சர்வீஸ் திரும்பவில்லை.

இதில் தொழிலாளி செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. ஆகவே தலைகுனிய வேண்டியவர் அவரல்ல.

ஆனால் கோபம் மட்டும் அடுப்பை எரிய வைக்காது. சில காரியங்களில் கண்டிப்பு வேண்டும்.

முதலாவது, தனியாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா என்றோ விருப்ப ஓய்வு என்றோ எழுதிக் கொடுத்தால், சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற ஆட்குறைப்பு நஷ்டஈட்டைக் கேட்கும் உரிமை போய்விடும். காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, ஐந்து வருஷம் வேலை செய்தவர் கிராஜுவிட்டியை விடக்கூடாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 13,000 ரூபாய், சர்வீஸ் எட்டு வருஷம் என்றால், 26-ஆல் வகுத்து நாள் சம்பளம் 500. அதை 15 நாளாலும் எட்டு வருஷத்தாலும் பெருக்கினால் 60,000 ரூபாய். இது தர்மம் அல்ல, நம் பாக்கி. 30 நாளில் தராவிட்டால் வட்டியும் உண்டு.

மூன்றாவது, கைக்கு வந்த தொகையை ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றுக்கும் ஆறு மாதக் கணக்கு போட்டு ஒதுக்குங்கள். கந்துவட்டிக்காரன் வாசலை மிதிக்காதீர்கள்.

நான்காவது, அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். மறைத்த துயரம் சாராயக் கடையில் போய் நிற்கும். சொன்ன துயரத்தைக் குடும்பமே சுமக்கும். வேலையில் இருக்கும் தோழர்களே, வேலை இழந்தவர் வீட்டுக்குப் போங்கள். சங்கக் கூட்டத்துக்கு அவரை அழைத்து வாருங்கள். கேட்டுக்கு வெளியே நிற்பதனால் அவர் நம்மவர் இல்லையென்று ஆகிவிடாது.

விவசாயத் தொழிலாளிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் இன்று தொழிற்பேட்டைகள் நிற்கின்றன. பட்டா இருந்தவர் நஷ்டஈடு வாங்கினார். நாற்று நட்டவருக்கு என்ன கிடைத்தது? அவர் பிள்ளை கம்பெனிக்குப் போனான். அந்த வேலையும் போனால் திரும்பிப் போக வயல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி நிலைமை இதைவிட மோசம்: நாளை வர வேண்டாம் என்ற ஒரு வார்த்தையோடு அவர் கணக்கு முடிகிறது.

எனவே கோரிக்கை தெளிவானது. சலுகை வாங்கும் கம்பெனி வேலைக்கு உத்தரவாதம் தர வேண்டும். மூடுகிறவன் பாக்கி முழுவதையும் தீர்த்த பிறகே வெளியேற வேண்டும். வேலை கிடைக்கும் வரை நிவாரணம் வேண்டும்; ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும்.

இதைத் தனி ஆளாகக் கேட்டால் காவலாளியே கதவைச் சாத்துவான். சங்கமாகக் கேட்போம்!