‘ஈக்குவலண்ட்’ என்னும் பொய்

அண்மையில் நண்பர்கள் கூடிய இடத்தில் ஒருவர் வானொலி, ஆம்ப்ளிஃபயர் பழுது நீக்குவோரைப் பற்றி உருகிப் பேசினார். கையில் அகப்பட்ட எதையும் வைத்து எதையும் பாடவைத்துவிடுவார்களாம். அதுவே நம் மண்ணின் மேதைமையாம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ‘எதையும் வைத்து’ என்ற இடத்திலேயே என் மறுப்பு தொடங்கிவிட்டது.

என்னிடமுள்ள பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கத்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோயின. 2எஸ்சி3281, அதன் இணையான 2எஸ்ஏ1302. தோஷிபா நிறுவனம் இவற்றின் உற்பத்தியை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆகின்றன. அதன்பின் சந்தையில் மலிந்தவை போலிகளே: மேலே சரியான எண், உள்ளே அந்தச் சுமையைத் தாங்கவியலாத சிறு சிலிக்கான் துணுக்கு. கடைக்காரர் யோசிக்கவேயில்லை. டிப் 3055-ஐயும் டிப் 2955-ஐயும் எடுத்து நீட்டினார். “ஈக்குவலண்ட்தான் சார், ரெண்டும் பதினஞ்சு ஆம்பியர்.”

ஆம்பியர் சரிதான். ஆனால் என் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் நேர் 50, எதிர் 50 வோல்ட் என்று இருபுறமும் வருகிறது. ஒலி உச்சத்தைத் தொடும் கணத்தில், அப்போது ஓய்ந்திருக்கும் டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 100 வோல்ட்டைத் தாங்கியாக வேண்டும். பழையது 200 வோல்ட் வரை தாங்கும். டிப் 3055-க்கு எல்லை 60. மெல்லிய ஒலியில் இரண்டு நாள் பாடியது. மூன்றாம் நாள் ஒலியைக் கூட்டியதும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, நேர்மின்சாரம் முழுவதும் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து சுருளை எரித்தது. சில ரூபாய்ப் பொருளுக்காக ஸ்பீக்கரை இழந்தேன்.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிகண்டில் ஒரு பொருளுக்குரிய பல சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றைப் பிடுங்கி மற்றொன்றின் இடத்தில் நட்டால் செய்யுள் நிற்குமா? கடைக்காரரின் மாற்றுப் பட்டியலும் ஒரு நிகண்டுதான். இடம் அறியாத சமம் சமமே அன்று. எது மாற்று என்பதைப் பட்டியல் சொல்லாது, சுற்றுதான் சொல்லும்.

என் சுற்று சொன்ன விடை 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 இணை. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். வேகமும் பழையதைப்போலவே 30 மெகாஹெர்ட்ஸ். கால்களின் வரிசையும் அதுவே. ஆனால் அந்த 150 வாட், உறை 25 பாகை செல்சியஸில் இருக்கும்வரைதான். சூடேறச் சூடேறக் குறையும். எனவே ஹீட் சிங்க், மைக்காத் தகடு, பசை எல்லாம் கணக்கில் சேரும். இரண்டையும் ஒருசேர மாற்றி, எமிட்டர் மின்தடைகளைச் சோதித்து, சீரியஸ் பல்பு வழியாக முதலில் மின்சாரம் கொடுத்து, ஓய்வு மின்னோட்டத்தைச் சரிசெய்த பிறகே வேலை முடிந்தது.

ஒரு சிறு பட்டறையில் குனிந்து அமர்ந்திருப்பவரிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது அநியாயம் அல்லவா என்று கேட்கலாம். அநியாயம்தான். ஆனால் அதை இழைப்பவன் நானல்லன். பழைய வால்வு வானொலிகள் பலவற்றில் சுற்றுப்படம் பெட்டிக்குள்ளேயே ஒட்டப்பட்டிருந்தது. இன்று விற்கப்படும் பெரும்பாலான கருவிகளோடு ஒரு கோடுகூட வருவதில்லை; சிலவற்றில் ஐசியின் மேலிருக்கும் எண்ணைக்கூடச் சுரண்டி அழித்துவிடுகிறார்கள். பார்வையைப் பறித்துவிட்டு, தட்டித் தடவி நடப்பவரின் திறமையை மெச்சுகிறோம். ‘மேதைமை’ என்ற அந்தப் பாராட்டு, பறிக்கப்பட்ட அறிவுக்கு ஈடாக நாம் போடும் மலிவான மாலை.

2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. உதிரிபாகம் கிடைப்பது மட்டுமே அந்த உரிமை என்று நாம் சுருக்கிக்கொள்ளக் கூடாது. உதிரிபாகம் என்றேனும் ஒருநாள் தீர்ந்துபோகும். எந்த நிறுவனமும் எந்த டிரான்சிஸ்டரையும் என்றென்றும் செய்துகொண்டிருக்காது. சுற்றுப்படம் இருந்தால் மாற்றைத் தேடிக்கொள்ளலாம். விற்கும் ஒவ்வொரு பெட்டியோடும் அதைத் தரவேண்டும் என்று கேட்பதே பட்டறைக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை. கைதட்டல் அவருக்கு எதற்கு?