மூடக்கூடாத கண்

அஞ்செட்டியை அடுத்த நாட்றாம்பாளையத்தில் நிலவற்ற இரவில் அண்ணாந்து பார்ப்பவருக்கு, ஓசூர்த் தொழிற்சாலைகளின் விளக்கொளியில் மறைந்துபோன விண்மீன்கள் பலவும் புலப்படும். எனினும், வானம் அனுப்பும் செய்திகளுள் ஒருவகை அவ்வூரையும் எட்டுவதில்லை. எலும்பு முறிவைக் காட்ட மருத்துவமனையில் பயன்படுகின்ற ஊடுகதிர்களை விண்பொருள்களும் வெளியிடுகின்றன. புவியின் வளிமண்டலம் அவற்றை மேலேயே உறிஞ்சிவிடுகிறது. அஃது உயிர்களுக்குக் காப்பு, வானியலாருக்கோ திரை. திரைக்கு அப்பால் தொலைநோக்கியை நிறுத்தினால்தான் குவாசர்களை ஊடுகதிரில் ஆராய இயலும்.

தொலைதூர விண்மீன் திரளின் நடுவே பெருங்கருந்துளை ஒன்று சுற்றியுள்ள வளிமத்தை ஈர்க்கும்போது, உள்ளே விழும் வளிமம் கடுமையாகச் சூடேறி ஒளிர்கிறது. அவ்வொளிர்வே குவாசர். இவற்றைக் காண 1999 ஜூலை 23 அன்று விண்ணில் ஏவப்பட்ட அமெரிக்கத் தொலைநோக்கிக்குச் ‘சந்திரா’ என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. ஊடுகதிர் ஆடியின்மேல் நேராக விழுந்தால் உறிஞ்சப்பட்டுவிடும். சாய்வாக உரசினால் மட்டுமே தெறிக்கும். குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் மூழ்காமல் தத்திச் செல்கிறதே, அதுபோல! ஆகவே சந்திராவின் ஆடிகள் குழாய் வடிவில் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன.

2023ஆம் ஆண்டு இத்தொலைநோக்கி யுஎச்இசட்1 என்னும் திரளில் ஒரு கருந்துளையைக் கண்டறிந்தது. அதன் ஒளி நம்மை அடைய 1320 கோடி ஆண்டுகள் ஆயின. திரளை முதலில் காட்டியது புதிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. அதனுள் கருந்துளை உண்டு எனச் சொன்னதோ இருபத்து நான்கு வயதான சந்திரா. இடையிலுள்ள ஏபெல் 2744 என்னும் திரள்கொத்தின் ஈர்ப்பு, வில்லைபோல் அவ்வொளியைப் பெருக்கிக் காட்டி உதவியது. பேரண்டம் தோன்றி 47 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் கருந்துளை எவ்வாறு அவ்வளவு பெருத்தது? மாபெரும் வளிமமேகம் விண்மீனாகாமல் நேரடியாகக் கருந்துளையாகக் குலையலாம் என்று முன்பே கணித்தவர்களுள் ஒருவர், கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். அக்கணிப்புக்கு வலிமையான சான்று இதில் கிடைத்தது.

மறு ஆண்டே, 2024 மார்ச்சில், சந்திராவின் ஆண்டு நிதியை 6.8 கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ 4.1 கோடி டாலராகக் குறைக்கும் முன்மொழிவு வெளியானது. வானியலாளர் பலர் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ‘பள்ளிகளுக்கு ஆய்வகம் கட்டாமல் குவாசரைப் பார்ப்பதா?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி பொருளற்றதன்று. ஆனால், கட்டி ஏவுவதற்கான பெருஞ்செலவு முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது பேணும் செலவு. சந்திராவின் கூர்மைக்கு ஈடான வேறோர் ஊடுகதிர்த் தொலைநோக்கி இன்று இல்லை. கிணற்றை வெட்டி நீரும் கண்டபின், கயிற்றுக் காசை மிச்சப்படுத்தலாமா?

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், ஐந்தாண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்டு, அக்காலத்தைக் கடந்தும் உழைத்தது. அதிலுள்ள மென் ஊடுகதிர்த் தொலைநோக்கி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் உழைப்பில் உருவானது. கூர்மையில் அது சந்திராவுக்கு மிகவும் பின்தங்கியதே. 2024 ஜனவரி 1 அன்று சென்ற எக்ஸ்போசாட், ஊடுகதிரின் முனைவாக்கத்தை அளக்கிறது. நுண்ணிய படம் எடுப்பது அதன் பணியன்று. எனவே, கூரிய ஆடிகள் கொண்ட பெரிய தொலைநோக்கி ஒன்றை நாமே அமைக்கத் திட்டமிட வேண்டும். அதற்கு ஆண்டுகள் பல ஆகும். அதுவரை கற்பதற்குத் தடையில்லை: ஆஸ்ட்ரோசாட் திரட்டிய தரவுகள் ஓசூருக்கு அப்பால், பெங்களூரு அருகே பயலாலுவிலுள்ள இஸ்ரோவின் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டு, 2018 முதல் அனைவருக்கும் இணையவழியே திறந்து வைக்கப்பட்டுள்ளன.